‘நைஸ்’ என்றொரு சொல்

ஆங்கிலம் கற்றோர் மட்டுமன்றிக் கல்லாதோரும் நாள்தோறும் வழங்கும் ஆங்கிலச் சொற்கள் சில உண்டு. அவற்றுள் ‘நைஸ்’ என்பது ஒன்று. ஆங்கிலேயர் நாவில் இச்சொல் படும் பாட்டுக்கு அளவில்லை. வெயில் காய்ந்தால் அது நைஸான நாள். தேநீர் சூடாக இருந்தால் அது நைஸான தேநீர். அண்டை வீட்டார் சண்டைக்கு வராதவரையில் அவரும் நைஸான மனிதர். படித்த நூல், உடுத்த உடை, கண்ட ஊர், கேட்ட செய்தி ஆகிய அனைத்திற்கும் இந்த ஒரே சொல் போதும். எல்லாவற்றுக்கும் பொருந்தும் ஒரு சொல் எதையேனும் உணர்த்துமா என்னும் ஐயம் எழுவது இயல்பே.

இந்த ஐயத்தை ஏறத்தாழ இருநூறு ஆண்டுகளுக்கு முன்னரே ஒரு நாவலின் நடுவில் வைத்து ஆராய்ந்தவர் ஜேன் ஆஸ்டின் அம்மையார். அவர் இதனை இலக்கண ஆசிரியரைப் போல ஆராயவில்லை. மூன்று இளைஞர்கள் உலாவச் சென்றபோது நிகழும் ஒரு வேடிக்கைப் பேச்சாகப் புனைந்தார். அப்பேச்சை மேற்கோள் காட்டுவோர் பெரும்பாலும் அதன் பாதியை மட்டுமே காட்டுகின்றனர். மறுபாதியையும் சேர்த்துப் படித்தால் அம்மையாரின் கருத்து வேறாகத் தெரிகின்றது. அதனை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம். முதலில் சொல்லின் வரலாற்றைச் சிறிது காண்போம்.

அறியாமையில் பிறந்த சொல்

லத்தீன் மொழியில் ‘ஸ்கீரே’ என்றால் அறிதல். அதனோடு எதிர்மறை முன்னொட்டுச் சேர்ந்து ‘நெஸ்கியுஸ்’ என்றானால் அறியாதவன். இதுவே பழைய பிரெஞ்சு மொழியில் ‘நிஸ்’ எனத் தேய்ந்து, கி.பி. 1300ஆம் ஆண்டையொட்டி ஆங்கிலத்துக்குள் புகுந்தது. அறிவியலைக் குறிக்கும் ‘சயன்ஸ்’ என்னும் சொல்லும் அதே ‘ஸ்கீரே’ என்னும் வேரில் கிளைத்ததுதான். ஆகவே சயன்ஸும் நைஸும் ஒரே பாட்டன் வழிவந்த பேரப்பிள்ளைகள். ஒன்று அறிவின் பெயரைத் தாங்கிற்று. மற்றொன்று அறியாமையின் பெயரைத் தாங்கிற்று.

1400ஆம் ஆண்டில் மறைந்த கவிஞர் சாசரின் காலத்தில் ஒருவரை ‘நைஸ்’ என்றால் அது பாராட்டன்று. மடையன் என்று ஏசுவதாகும். பின்னர் இச்சொல் பல திசைகளில் கிளைத்தது. அறிவிலியைக் குறித்த சொல் ஆடம்பரமாக உடுத்துவோனைக் குறித்தது. பின்னர்க் கூச்சம் மிக்கவரை, எளிதில் திருப்தியடையாதவரை, எதிலும் குற்றம் காண்பவரைக் குறித்தது. குற்றம் காண்பவனுக்கு நுட்பமான பார்வை வேண்டுமல்லவா? ஆகவே நுட்பம், துல்லியம், நயம் என்னும் பொருள்களும் வந்து சேர்ந்தன.

ஷேக்ஸ்பியரின் நாடகங்களில் இச்சொல் ஒரே பொருளில் நிற்பதில்லை. ‘ரோமியோ ஜூலியட்’ நாடகத்தில் பாதிரியார் லாரன்ஸ் அனுப்பிய கடிதம் உரியவர் கையில் சேராமற்போகிறது. அக்கடிதம் அற்பமானதன்று என்று அவர் பதறும் இடத்தில் அற்பம் என்னும் பொருளைத் தருவது இந்த நைஸ் என்னும் சொல்லே. ‘ஐந்தாம் ஹென்றி’ நாடகத்திலோ அளவு கடந்து நாசூக்குப் பார்க்கும் வழக்கங்களைக் குறிக்க மன்னர் இதே சொல்லை ஆள்கிறார். இன்றைய பொருளை மட்டும் அறிந்த மாணவன் இவ்விடங்களைப் படித்தால் தடுமாறிப் போவான்.

1755ஆம் ஆண்டில் டாக்டர் ஜான்சன் தம் புகழ்பெற்ற அகராதியை வெளியிட்டார். நைஸ் என்னும் சொல்லுக்கு அவர் துல்லியம், மென்மை, மிகை நாசூக்கு முதலிய பல பொருள்களை வரிசைப்படுத்தினார். இன்று உலகமே வழங்கும் ‘இனிமையானது’ என்னும் பொருள் அவ்வரிசையில் இல்லை. அப்பொருள் 18ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில்தான் தலையெடுத்தது. அன்புள்ளவர், நல்லவர் என்று மனிதரைப் பாராட்டும் பொருள் அதற்கும் பிற்பட்டது.

இதற்கு நேர்மாறாக நடந்ததும் உண்டு. ‘சில்லி’ என்னும் ஆங்கிலச் சொல் பழங்காலத்தில் பேறு பெற்றவர், இன்பமுற்றவர் என்று பொருள்பட்டது. பின்னர் அது கள்ளமற்றவரைக் குறித்தது. அடுத்து இரங்கத்தக்கவரைக் குறித்தது. இன்று அசடரைக் குறிக்கின்றது. மடமையிலிருந்து ஒரு சொல் உயர்ந்தது. மற்றொன்று மடமைக்கு இறங்கியது. நம் மொழியிலும் ‘நாற்றம்’ என்பது முற்காலத்தில் நறுமணத்துக்கும் உரிய சொல்லாயிருந்து, இன்று மூக்கைப் பொத்தச் செய்யும் சொல்லாகிவிட்டதை நாம் அறிவோம்.

குன்றுவழியில் ஒரு விவாதம்

இனி நாவலுக்கு வருவோம். ‘நார்த்தாங்கர் அபி’ என்பது அதன் பெயர். 1775ஆம் ஆண்டில் பிறந்த ஜேன் ஆஸ்டின் தம் இருபதுகளின் தொடக்கத்தில் இதனை எழுதினார். 1803ஆம் ஆண்டில் ஒரு பதிப்பாளர் பத்துப் பவுன் கொடுத்து வாங்கி, அச்சிடாமலே வைத்துவிட்டார். பின்னர் அது மீட்கப்பட்டது. ஆயினும் அம்மையார் 1817ஆம் ஆண்டு ஜூலையில் மறைந்த பின்னரே, அவ்வாண்டின் இறுதியில் நூல் வெளிவந்தது.

கதைத்தலைவி காதரின் மார்லண்ட் பதினேழு வயதுப் பெண். கிராமத்துப் பாதிரியார் ஒருவரின் மகள், கள்ளம் அறியாதவள். பாத் என்னும் நகருக்கு வந்தவிடத்தில் ஹென்றி டில்னி, அவன் தங்கை எலினார் ஆகியோரின் நட்பைப் பெறுகிறாள். மூவரும் நகரையொட்டிய பீச்சன் குன்றைச் சுற்றி உலாவுகின்றனர். அக்காலத்தில் பெரும்பரபரப்பை உண்டாக்கிய, ஆன் ராட்கிளிஃப் எழுதிய ‘உடால்ஃபோவின் மர்மங்கள்’ என்னும் நாவலைப் பற்றிப் பேச்சு எழுகின்றது. தானும் அதனை இரண்டே நாளில் மயிர்க்கூச்செறியப் படித்து முடித்ததாக ஹென்றி ஒப்புக்கொள்கிறான். மகிழ்ந்துபோன காதரின், உலகத்திலேயே மிக நைஸான நூல் அதுதானே என்று அவனைக் கேட்டுவிடுகிறாள்.

ஹென்றி பிடித்துக்கொள்கிறான். நைஸ் என்றால் நேர்த்தி என்று பொருள். நூலின் நேர்த்தி அதன் கட்டடத்தைப் பொறுத்ததல்லவா என்று கேலி செய்கிறான். அண்ணன் இப்படித்தான் தன் பேச்சிலும் எப்போதும் பிழை பிடிப்பான் என்று எலினார் குறுக்கிடுகிறாள். சொல்லை மாற்றாவிட்டால் வழிநெடுக ஜான்சனின் அகராதியையும் பிளேயரின் அணியிலக்கணத்தையும் நம் தலையில் கொட்டிவிடுவான் என்றும் எச்சரிக்கிறாள். காதரின் மட்டும் விடவில்லை. தவறாகச் சொல்ல நினைக்கவில்லை என்கிறாள். ஆயினும் நூல் நைஸானதுதானே, அதை அப்படி அழைத்தால் என்ன என்று கேட்கிறாள். ஹென்றியோ நாளும் நைஸ், நடையும் நைஸ், நீங்கள் இருவரும் நைஸ் என்று அடுக்கி நகைக்கிறான். முன்னாளில் உடையிலும் உணர்விலும் தேர்விலும் நயம் பாராட்டியதைக் குறித்த சொல் இன்று எல்லாப் பாராட்டையும் விழுங்கிவிட்டதே என்று குறைப்படுகிறான்.

மொழித் தூய்மை வேண்டுவோர் மேற்கோள் காட்டுவது இவ்விடம் வரைதான். ஜேன் ஆஸ்டின் ஹென்றியின் வாயிலாகத் தம் கருத்தையே கூறிவிட்டார் என்பது அவர்கள் முடிவு. அம்முடிவு பொருந்தாது என்பதற்கு இரண்டு காரணங்கள் உள்ளன.

முதலாவது, ஹென்றி தொடக்கப் பொருள் என்று கருதும் பொருள் தொடக்கப் பொருளன்று. நயம், நேர்த்தி என்பன இச்சொல் இடைவழியில் தங்கிய விடுதிகளே. தொடக்கத்துக்கே போவதானால் அறியாமை என்னும் வீட்டுக்கன்றோ போக வேண்டும்? மொழிக் காவலர் பலர் செய்யும் பிழை இதுவே. தம் பாட்டனார் காலத்து வழக்கைப் படைப்புக் காலத்து வழக்கெனக் கொண்டு, அதற்குப் பின் வந்த மாற்றத்தைச் சீரழிவென்றும் முன் நடந்த மாற்றத்தை வளர்ச்சியென்றும் பெயரிட்டுவிடுகின்றனர்.

இரண்டாவது, அப்பேச்சில் இறுதி வார்த்தை ஹென்றிக்கு வழங்கப்படவில்லை. அது எலினாருக்கு உரியதாகின்றது. அச்சொல் உண்மையில் உனக்குத்தான் பொருந்தும், அதுவும் பாராட்டாக அன்று என்று அண்ணனைச் சாடி, அவனிடம் நாசூக்கு மிகுதி, விவேகம் குறைவு என்று முடிக்கிறாள். நாசூக்கு என்பதற்கு அவள் ஆள்வது அந்த நைஸ் என்னும் சொல்லையே. ஹென்றி போற்றிய பழம்பொருளைத் துல்லியமாக எடுத்து, அதையே அவன்மேல் எறிகிறாள். அவன் சொல்லின் பொருளைப் பற்றி உரையாற்றினான். அவள் அச்சொல்லைப் பொருளறிந்து ஆண்டு காட்டினாள். இருவருள் சொல்லை நன்கு அறிந்தவர் யார் என்று வாசகர் முடிவு செய்துகொள்ளலாம்.

இதில் இன்னொரு செய்தியும் அடங்கியுள்ளது. 1926ஆம் ஆண்டில் ஃபௌலர் என்பார் தம் புகழ்பெற்ற ஆங்கில வழக்கு அகராதியில் இச்சொல்லின் வீழ்ச்சிக்கு இரங்கும்போது பழியைப் பெண்கள்மேல் சுமத்தினார். அவர்களுக்கு இச்சொல் மிகவும் பிடித்துப்போனதால்தான் அதன் தனித்தன்மை அழிந்தது என்பது அவர் கருத்து. அவருக்கு நூறாண்டு முன்னரே, சொல்லைக் கெடுத்ததாகக் கூறப்படும் பெண்ணினத்தைச் சேர்ந்த ஒருத்தியின் வாயிலேயே அச்சொல்லின் மிகக் கூர்மையான ஆட்சியை வைத்துவிட்டுச் சென்றார் ஜேன் ஆஸ்டின்.

பொதுச்சொல்லும் பொய்ச்சொல்லும்

அப்படியானால், எச்சொல்லை எப்படி வழங்கினாலும் தீங்கில்லை என்பதா அம்மையாரின் கட்சி? அதுவும் அன்று. அதே உலாவின் போது இன்னொரு வேடிக்கை நிகழ்கின்றது. லண்டன் நகரில் மிகப் பயங்கரமான ஒன்று விரைவில் வெளிவரப் போகிறது, கொலையும் அதில் இருக்கும் என்று காதரின் சொல்ல, கலகம் வெடிக்கப்போகிறதென்று எலினார் நடுங்கிப்போகிறாள். காதரின் சொன்னதோ புதிதாக வெளிவரவிருக்கும் ஒரு நாவலைப் பற்றி! வரையறையற்ற சொற்கள் கேட்போரை எங்குக் கொண்டுபோய் விடும் என்பதை நைஸ் பற்றிய பேச்சு முடிந்து சில பக்கங்களுக்குள்ளேயே ஆசிரியர் காட்டிவிடுகிறார். ஹென்றியின் கேலியில் நியாயம் இல்லாமலில்லை.

ஆனால் நாவல் முழுவதையும் நோக்கினால் உண்மையான தீங்கு வேறிடத்திலிருந்து வருகின்றது. காதரினின் தோழி இஸபெல்லா தார்ப் பேசும் பேச்சு முழுவதும் உச்சச் சொற்களே. அவளுடைய அன்பு உலகில் ஒருவருக்கும் இல்லாத அன்பு. அவளுடைய நட்பு எதற்கும் அசையாத நட்பு. செல்வத்தில் தனக்குச் சிறிதும் நாட்டமில்லை என்கிறாள். காதரினின் அண்ணன் ஜேம்ஸுக்கு மணம் பேசப்பட்டவள், அவனைவிட வசதியுள்ள ஒரு படைத்தலைவன் கிடைப்பான் என்று தோன்றியதும் வாக்கை முறித்துவிடுகிறாள்.

இஸபெல்லாவின் அண்ணன் ஜான் தார்ப் அவளையும் மிஞ்சியவன். குதிரையின் வேகம், வண்டியின் விலை, குடிக்கும் மதுவின் அளவு எதைச் சொன்னாலும் பெருக்கியே சொல்வான். அவனே ஹென்றியின் தந்தையான தளபதி டில்னியிடம் காதரின் குடும்பத்தைப் பெருஞ்செல்வர் குடும்பமாக வருணிக்கிறான். அதை நம்பிய தளபதி அவளைத் தம் மாளிகைக்கு விருந்தாளியாக அழைத்துச் சென்று சீராட்டுகிறார். பின்னர்த் தன் விருப்பம் நிறைவேறாத கோபத்தில் தார்ப் அதே குடும்பத்தை வறியவர் என்று தலைகீழாகச் சொல்கிறான். அதையும் நம்பிய தளபதி, விருந்தாளிப் பெண்ணை விடியற்காலையில் துணையின்றி எழுபது மைல் பயணத்துக்கு அனுப்பிவிடுகிறார். வழிச்செலவுக்குப் பணமும் அவளிடம் இல்லை. எலினார் கொடுத்து உதவியிராவிட்டால் அவள் கதி என்னவாகியிருக்கும்?

இப்போது குன்றுவழி விவாதத்துக்குத் திரும்புவோம். காதரின் தான் விரும்பிப் படித்த நூலை நைஸ் என்றாள். சொல் மங்கலானது, ஆனால் அதன் பின்னால் நின்ற உணர்வு மெய்யானது. இஸபெல்லாவின் சொற்கள் பளபளப்பானவை. அவற்றின் பின்னால் ஒன்றுமில்லை. தார்ப்பின் சொற்கள் பவுன் கணக்கும் மைல் கணக்கும் கொண்டவை; அவை அனைத்தும் பொய். பொதுச்சொல்லை வழங்கும் உண்மையாளர் ஒருபுறம். சிறப்புச்சொல்லை வழங்கும் பொய்யர் மறுபுறம். இருவரில் எவரை நம்பலாம் என்பதில் ஆசிரியருக்கு ஐயமே இல்லை. ஹென்றியும் இறுதியில் மணப்பது நைஸ் என்னும் சொல்லைச் சரியாக ஆளத் தெரியாத அந்தப் பெண்ணைத்தான். சொல்லின் துல்லியத்தினும் சொல்பவரின் வாய்மை பெரிது என்பதே இந்நாவல் தரும் தீர்ப்பு என்பது என் கருத்து.

நம் வீடுகளில் வாழும் பழம்பொருள்

ஆங்கில நாட்டில் மங்கிப்போன பொருள்கள் முற்றிலும் மறைந்துவிடவில்லை. ‘நைஸான வேறுபாடு’ என்று ஆங்கில வழக்கறிஞர் ஒருவர் கூறினால் அது இனிமையான வேறுபாடன்று; மயிரிழை போன்ற நுண்ணிய வேறுபாடு. ‘நைஸிட்டி’ என்னும் பெயர்ச்சொல்லிலும் நுட்பம் என்னும் பொருளே நிற்கின்றது. அதே சமயம், செய்த காரியத்தைக் கெடுத்து வைத்தவனைப் பார்த்து ‘நைஸான வேலை செய்தாய்’ என்றால் அது வசை. குரல் அறிந்தே பொருள் கொள்ள வேண்டும்.

வியப்புக்குரிய செய்தி ஒன்று உண்டு. இங்கிலாந்து பெரும்பாலும் கைவிட்ட அப்பழம்பொருளைத் தமிழ்நாட்டுச் சமையலறைகள் காப்பாற்றி வருகின்றன. மசாலாவை நைஸாக அரைக்கச் சொல்லும் தாய், இடியாப்பத்துக்கு மாவு நைஸாக இருக்க வேண்டும் என்று சலித்து எடுக்கும் மூதாட்டி, துணியைத் தடவிப் பார்த்து நைஸாக இருக்கிறது என்னும் பெண் ஆகிய எவரும் இனிமையைக் குறிக்கவில்லை. மென்மை, நுண்மை, வழவழப்பு ஆகியவற்றையே குறிக்கின்றனர். ஹென்றி டில்னி தேடி அலைந்த பொருளுக்கு இவை மிக அண்மையானவை. நம் மொழியில் ‘நைய இடித்தல்’, ‘நையப் புடைத்தல்’ என்னும் வழக்குகள் முன்பே இருந்தமையால், அந்த ‘நை’ என்னும் ஒலியோடு இந்த அயற்சொல் எளிதாக ஒட்டிக்கொண்டது போலும்.

இங்கும் அச்சொல் ஓரிடத்தில் நிற்கவில்லை. கூட்டத்திலிருந்து ஒருவன் நைஸாக நழுவினான் என்கிறோம். இனிக்கப் பேசித் தன் காரியத்தை முடித்துக்கொண்டவனை நைஸாகப் பேசி ஏமாற்றிவிட்டான் என்கிறோம். வழவழப்பிலிருந்து வழுக்கலுக்கும், வழுக்கலிலிருந்து வஞ்சகத்துக்கும் சொல் நடந்து போயிருக்கிறது. ஆங்கிலேயர் நாவில் பாராட்டாக முடிந்த பயணம் நம் நாவில் எச்சரிக்கையாக முடிந்தது. இதனை மக்கள் கூடி முடிவு செய்யவில்லை; எந்த அகராதியும் ஆணையிடவில்லை. வழங்கி வழங்கியே பொருள் அமைந்தது.

மதிப்புரையாளர் கடமை

காதரினுக்கு நாவல் வழங்கும் மன்னிப்பு எல்லார்க்கும் உரியதா? ஒரு நூலைப் படித்து மகிழ்ந்த வாசகர் ‘நன்றாக இருந்தது’ என்று சொல்லிவிட்டுப் போகலாம். அவர் கடமை மகிழ்வதோடு முடிந்தது. அவரிடம் அதற்குமேல் கேட்பது ஹென்றியின் மிகை நாசூக்கே ஆகும். ஆனால் அந்நூலைப் பற்றிப் பிறர்க்கு எடுத்துச் சொல்ல மேடையேறுபவரோ, பத்திரிகையில் மதிப்புரை எழுதுபவரோ அச்சலுகையைக் கோர முடியாது. எது நன்று, எவ்விடத்தில் நன்று, எதனால் நன்று என்று பிரித்துக் காட்டும் பொறுப்பை அவர் தாமாகவே ஏற்றுக்கொண்டவர்.

நம் நூல் வெளியீட்டு விழாக்களில் வழங்கும் சொற்களைச் சற்று எண்ணிப் பார்ப்போம். ‘அருமை’, ‘அற்புதம்’, ‘சிறப்பு’ என்னும் மூன்று சொற்களை நீக்கிவிட்டால் பல பாராட்டுரைகளில் எஞ்சுவது நூலாசிரியர் பெயரும் நன்றியுரையுமே. அருமை என்றால் அரிதாகக் கிடைப்பது. அற்புதம் என்றால் வியக்கச் செய்வது. வாரந்தோறும் வெளியாகும் நூலெல்லாம் அரிதானதும் வியப்பானதும் ஆகிவிட்டால், உண்மையிலேயே அரிய நூலொன்று வரும் நாளில் அதனைச் சொல்ல நம்மிடம் எச்சொல் மீந்திருக்கும்? இளங்கவிஞர் ஒருவர் தம் முதல் தொகுப்பைக் கொணர்கிறார். அதில் நான்கு கவிதைகள் தேறும், மற்றவை தேறா. நாற்பதையும் அருமை என்பவர் அந்த நான்கையும் கொன்றுவிடுகிறார். எவை தேறின என்று அறியாத கவிஞர் அடுத்த தொகுப்பிலும் தேறாதவற்றையே எழுதக்கூடும். பாராட்டு என்னும் பெயரால் இழைக்கப்படும் இத்தீங்கு கண்டனத்தின் தீங்குக்குக் குறைந்ததன்று.

இதனால் பொதுச்சொற்களை ஒழித்துவிட வேண்டும் என்பது கருத்தன்று. அவை ஒழியா, ஒழிய வேண்டியதும் இல்லை. நைஸ் போன்ற சொற்கள் அன்றாட உறவில் எண்ணெய் போலப் பயன்படுகின்றன. விருந்தளித்த வீட்டாரிடம் உப்பின் அளவைப் பற்றி ஆராய்ச்சியுரை ஆற்றுவது பண்பன்று. நன்றாயிருந்தது என்று சொல்லி விடைபெறுவதே பண்பு. ஆனால் இலக்கியத்தை எடைபோடும் இடத்தில் அதே சொல் எண்ணெயாக இராது. கையிலிருக்கும் தராசை வழுக்கி விழச்செய்யும்.

எலினார் செய்ததே நல்ல திறனாய்வாளர் செய்ய வேண்டியது. அவள் அச்சொல்லை விலக்கவில்லை. அதனை வழங்கிய தோழியைப் பழிக்கவும் இல்லை. சொல்லின் பொருளை அறிந்து, உரிய இடத்தில், உரியவர் மீது, ஒருமுறை வழங்கினாள். அதுவே போதுமாயிருந்தது.